ஒலி அறுந்தால் முதலில் காதைத் தீட்டுங்கள்: இணையம் வழி ஹாம் ரேடியோ

கோலாலம்பூரில் கொண்டோவின் இருபதாவது மாடியில் குடியிருக்கும் ஹாமுக்கு (அமெச்சூர் வானொலிக்காரருக்கு) இரண்டு தொல்லைகள். ஆன்டெனா கட்ட நிர்வாகம் விடாது. விட்டாலும் பெரிய பயன் இல்லை: மேலும் கீழும் இன்வெர்ட்டர் ஏர்கோன், எல்இடி விளக்கு, லிஃப்ட் மோட்டார் என்று எச்எஃப் (சிற்றலை) அலைவரிசை முழுக்க இரைச்சல். அதனால்தான் பலர் பினாங்கின் பாலிக் பூலாவிலோ புக்கிட் மெர்தாஜாமிலோ உள்ள குடும்பத் தரைவீட்டில் ரிக்கை (வானொலிக் கருவியை) வைத்துவிட்டு, தலைநகரிலிருந்து இணையம் வழி இயக்குகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அமைத்த முதல் வாரத்திலேயே கேள்வி வந்துவிடும்: "ஒலி விட்டு விட்டு வருகிறது, என்ன செய்வது?"

கேட்டவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "பஃபரைக் கூட்டுங்கள்" என்பதுதான். பஃபர் என்பது வந்த ஒலியை ஒலிக்கவிடும் முன் சற்றுச் சேர்த்துவைக்கும் இடம். இதோடு எனக்கு உடன்பாடு இல்லை. பஃபரைக் கூட்டினால் சில காரணங்கள் மறையும், சில அப்படியே இருக்கும், தாமதம் மட்டும் நிச்சயமாக ஏறும். 400 மில்லிசெகண்ட் தாமதத்தோடு ஒரு பைல்-அப்பில், அதாவது பலர் ஒரே நிலையத்தை ஒரே நேரத்தில் அழைக்கும் நெரிசலில், யாரையும் பிடிக்க முடியாது. எதையும் மாற்றுவதற்கு முன், ஒலி எப்படி அறுகிறது என்று உட்கார்ந்து கேளுங்கள். எந்த நேரத்தில், எந்தத் திசையில், எவ்வளவு நீளத்துக்கு, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை? இந்த நான்குக்கும் விடை எழுதிவிட்டால் காரணம் கிட்டத்தட்ட கைக்கு வந்துவிடும்.

வேகம் போதவில்லை என்ற சந்தேகத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். ஒலியைச் சுருக்கி அனுப்பும் ஓபஸ் கோடெக்கில் 32 கிலோபிட் ஒலி தாராளம். ஒற்றைப் பக்கப்பட்டை (எஸ்எஸ்பி) முறையில் குரலின் அகலமே 2.7 கிலோஹெர்ட்ஸ்தான். 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட் (ஒலித் துண்டு) என்றால் விநாடிக்கு 50 பாக்கெட். ஒவ்வொன்றுக்கும் ஐபி, யுடிபி தலைப்பு 28 பைட், அதாவது விநாடிக்கு இன்னொரு 11 கிலோபிட். எல்லாம் சேர்ந்தும் 50 கிலோபிட்டைத் தொடாது. 100 மெகாபிட் இணைப்பில் வேகச் சோதனை நடத்திப் படம் பிடித்துப் போடுவதால் இந்த விஷயத்தில் ஒன்றும் தெரியப்போவதில்லை. தூரமும் காரணமல்ல. பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குக் கண்ணாடி இழையில் ஒளி போய்வர ஆகும் நேரம் சில மில்லிசெகண்டுகள் மட்டுமே. இங்கே எண்ணிக்கையை விட ஒழுங்குதான் முக்கியம்: 50 பாக்கெட்டும் சீரான இடைவெளியில் வந்து சேர வேண்டும்.

இரண்டு முனையிலும் பதிவு செய்யுங்கள்

இதைவிடப் பயனுள்ள சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. ரிக் இருக்கும் வீட்டுக் கணினியில், ரேடியோவின் ஒலி நுழையும் இடத்திலேயே ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு நிரலில் பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள். அதே பத்து நிமிடத்தை உங்கள் பக்கமும் பதியுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அங்கேயே அறுந்திருந்தால் குற்றம் யுஎஸ்பி, ஒலி அட்டை, கணினி இவற்றில் ஒன்று. இணையத்தைத் தொடவே வேண்டாம். அங்கே முழுசாக இருந்து இங்கே மட்டும் அறுந்திருந்தால் வழியிலோ உங்கள் பக்கமோ கோளாறு.

பதிவு செய்யும்போது பேச்சைக் கேட்காதீர்கள். பேச்சில் இடைவெளி இயல்பாகவே இருக்கும், எது அறுபட்டது என்று தெரியாது. சீனாவின் பிபிஎம் நேரக்குறி நிலையம் 5, 10, 15 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. மலேசியாவில் பெரும்பாலான நாட்கள் ஏதாவது ஒன்றில் கேட்கும். ரிசீவரை மேல் பக்கப்பட்டை (அப்பர் சைட்பேண்ட்) மோடில் 9.999 மெகாஹெர்ட்ஸில் வைத்தால், 10 மெகாஹெர்ட்ஸ் கேரியர் 1000 ஹெர்ட்ஸ் தொனியாக விழும். ஆடாசிட்டியில் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றினால் அது ஒரு நீண்ட கிடைக்கோடு. அலை மங்கும்போது அந்தக் கோடு மெல்ல வெளிறி மெல்லத் திரும்பும். பாக்கெட் தொலைந்தால் கத்தியால் வெட்டியது போல் நேராக அறுந்து, மேலும் கீழும் செங்குத்துக் கோடு ஒன்று தெறிக்கும். இரண்டையும் ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு குழம்பாது. விநாடிக்கொரு டிக் இருப்பதால் இரண்டு பதிவுகளையும் அதை வைத்தே வரிசைப்படுத்தலாம். இரண்டு கணினிகளின் கடிகாரமும் என்டிபி (இணைய நேர ஒத்திசைவு) வழி சரியாக ஓடினால், மொத்தத் தாமதத்தைக்கூட அதிலிருந்தே படித்துவிடலாம்.

அறுபடுவது போல் கேட்கும், அறுபடவில்லை

ரிக் பக்கத்துப் பதிவில் கோடு முழுசாக இருக்கிறது, காதில் மட்டும் ஒலி மறைகிறது என்றால் நிரலின் கெட்டிக்காரத்தனத்தைச் சந்தேகியுங்கள். ஒலியைக் கடத்தப் பயன்படும் மம்பிள், ஸூம் போன்ற நிரல்கள் மனிதக் குரலுக்காக எழுதப்பட்டவை. இரைச்சலைக் கண்டால் அடக்குவது அவற்றின் வேலை. நமக்கோ இரைச்சலுக்குள்தான் நிலையமே இருக்கிறது. எஸ்1 அளவில் வரும் ஒரு சிடபிள்யூ (மோர்ஸ்) குறி இந்தச் சல்லடையில் தப்பவே தப்பாது.

மம்பிளில் ரேடியோ பக்கத்து ஒலி உள்ளீட்டு அமைப்பைத் திறந்து, அனுப்பும் முறையைக் குரல் கண்டறிதலிலிருந்து 'தொடர்ச்சி'க்கு மாற்றுங்கள். இரைச்சல் அடக்கல், எதிரொலி நீக்கம் இரண்டையும் அணையுங்கள். அதிகபட்சப் பெருக்கத்தை மிகக் குறைவாக வையுங்கள். இல்லாவிட்டால் வலுவான நிலையம் வந்து போன பின் பட்டை முழுவதும் மூச்சு வாங்குவது போல் ஏறி இறங்கும். விண்டோஸில் இன்னொரு பொறி உண்டு. ஒலி அமைப்பின் தகவல்தொடர்பு தாவலில், அழைப்பு வந்தால் மற்ற ஒலிகளை 80 விழுக்காடு குறை என்பது தெரிவாகியிருக்கும். அதை 'எதுவும் செய்யாதே' என்று மாற்றுங்கள். வலையைக் குடைந்து குடைந்து களைத்தவர்கள் பலருக்கு விடை இங்கேதான் இருந்தது.

கடைசி அசை விழுங்கப்படுவதும் இந்த வகைதான். பிடிடி (அனுப்பும் பொத்தான்) கட்டளை ஒரு வழியில் உடனே போய்ச் சேர்கிறது; குரல் பஃபரைத் தாண்டி 150 மில்லிசெகண்ட் பின்னால் வருகிறது. அதனால் தொடக்கத்தில் சிறிது நேரம் குரலின்றி வெற்றாகப் போகும், முடிவில் கடைசி அசை வெட்டுப்படும். பிடிடி விடுவிப்பை ஒலித் தாமதத்துக்குச் சற்று மேலாக, 200 மில்லிசெகண்ட் அளவு தள்ளிப்போட நிரலில் வழி இருந்தால் வையுங்கள். இல்லையென்றால் பொத்தானை ஒரு கணம் கூடுதலாக அழுத்திப் பிடித்துப் பழக வேண்டியதுதான். நம் குரல் அங்கே எப்படி வெளியேறுகிறது என்று நமக்குக் கேட்காது என்பதையும் மறக்க வேண்டாம். அருகிலுள்ள நாட்டில் இயங்கும் கிவிஎஸ்டிஆர் (இணையம் வழி எவரும் கேட்கக்கூடிய ரிசீவர்) ஒன்றைத் திறந்து உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்.

மணி அடித்தாற்போல் வரும் சொடுக்கு

இந்தக் கோளாறைத்தான் ஆட்கள் மிக நீண்ட காலம் தேடுகிறார்கள், ஏனென்றால் எந்த வலைச் சோதனையிலும் இது அகப்படாது. ஆறேழு நிமிடத்துக்கு ஒருமுறை, கிட்டத்தட்ட அதே இடைவெளியில், ஒரு சிறு சொடுக்கு. பகலிலும் இரவிலும் அதே கதை.

காரணம் இரண்டு பக்கத்து ஒலி அட்டைகளுக்குக் கடிகாரமாக இருக்கும் படிகங்கள். இரண்டிலும் விநாடிக்கு 48,000 மாதிரிகள் என்று எழுதியிருந்தாலும் சரியாக 48,000 ஓடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருப்பது சாதாரணம். அப்படியென்றால் விநாடிக்கு 2.4 மாதிரிகள் மிஞ்சுகின்றன அல்லது குறைகின்றன. 20 மில்லிசெகண்ட் பாக்கெட் ஒன்றில் 960 மாதிரிகள். 960-ஐ 2.4-ஆல் வகுத்தால் 400 விநாடி, அதாவது 6 நிமிடம் 40 விநாடி. அதற்கொருமுறை ஒரு பாக்கெட்டைத் தூக்கி எறிய வேண்டும், அல்லது இல்லாத ஒன்றை இட்டு நிரப்ப வேண்டும். அதுதான் அந்தச் சொடுக்கு. பஃபரைக் கூட்டினால் முதல் சொடுக்கு வரத் தாமதமாகும், அவ்வளவே.

பேச்சுக்கான நிரல்கள் இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே வரும் மௌனத்தில் இந்தக் கணக்கைச் சத்தமில்லாமல் நேர் செய்துகொள்ளும். திறந்த ரிசீவரில் மௌனம் ஏது? தீர்வு, இரு கடிகாரங்களின் வித்தியாசத்தை அளந்து ஓடும்போதே மறுமாதிரி எடுக்கும் நிரல். லினக்ஸில் ஜாக் என்ற ஒலி அமைப்போடு இயங்கும் ஸீட்டா-என்ஜேபிரிட்ஜ் இதற்கென்றே எழுதப்பட்டது. அதற்குப் போகும் முன், இரு பக்கமும் மாதிரி வீதம் 48,000 என்று ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். ஒரு பக்கம் 44,100 என்று கிடந்தால் நடுவில் ஒரு தேவையற்ற மாற்றம் நடந்துகொண்டிருக்கும்.

மாலையில் மட்டும், ரிக் பக்கத்திலிருந்து மட்டும்

சொடுக்கு ஒழுங்கில்லாமல், கொத்துக் கொத்தாக, நீங்கள் கேட்கும் திசையில் மட்டும் வருகிறதா? பினாங்கு வீட்டின் பதிவேற்றப் பாதையில் வரிசை நிற்கிறது. நான்கு சிசிடிவி கேமராக்கள் கிளவுடுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும், பள்ளி விட்டு வந்த பிள்ளைகளின் கைப்பேசிகள் படங்களைக் காப்புப் பிரதி எடுக்கும். ரவுட்டர் எதையும் கைவிடாமல் எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்தி வைக்கிறது. 20 மெகாபிட் பதிவேற்றத்தில் 1 மெகாபைட் வரிசை நின்றால், கடைசியில் நிற்கும் ஒலிப் பாக்கெட் 400 மில்லிசெகண்ட் காத்திருக்க வேண்டும். அது தொலையவில்லை, ஆனால் வந்து சேரும்போது அதன் நேரம் போய்விட்டது. தொலைந்ததும் ஒன்றுதான், பிந்தியதும் ஒன்றுதான்.

சோதிப்பது எளிது. ரிக் பக்கத்துக் கணினியிலிருந்து சேவை நிறுவனத்தின் முதல் நுழைவாயிலுக்குப் பிங் (போய்வரும் நேரத்தை அளக்கும் சோதனை) ஓட விடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரிய கோப்பை ஏற்றுங்கள். சும்மா இருக்கும்போது 5 மில்லிசெகண்ட், ஏற்றும்போது 200 என்றால் வேறு சாட்சி வேண்டாம்.

மருந்து, வரிசையை நம் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருவது. ஓபன்டபிள்யூஆர்டி மென்பொருள் ஏற்றிய ரவுட்டரில், வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்க்யூஎம் தொகுப்பை நிறுவி, கேக் முறையைத் தேர்ந்து, பதிவேற்ற வரம்பை அளந்த வேகத்தில் 90 விழுக்காட்டுக்கு வையுங்கள். 50 மெகாபிட் அளந்தால் 45. அந்தப் பத்து விழுக்காட்டை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் 100 என்று வைத்தால் வரிசை மறுபடி நிறுவனத்தின் பெட்டிக்குள் போய்விடும். எஸ்க்யூஎம் இருந்தும் இல்லாததுதான். யூனிஃபை ஃபைபரில் சொந்த ரவுட்டர் மாட்டுபவர்கள் இணையம் விஎல்ஏஎன் (ஒரே கம்பியில் பிரித்த வலை) 500-இலும் தொலைக்காட்சி 600-இலும் வருகிறது என்பதையும், இணைப்பில் நுழைவதற்கான பிபிபிஓஇ கடவுச்சொல் கையில் இருக்கிறதா என்பதையும் புறப்படும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பினாங்கு வரை போய்த் திரும்ப வேண்டிய வேலை இது.

யுடிபி டிசிபியாக மாறும் இடம்

மம்பிளில் சேவையகத் தகவல் சன்னலைத் திறந்தால் ஒரு சிறு அட்டவணை இருக்கும்: நல்லவை, பிந்தியவை, தொலைந்தவை, மறு ஒத்திசைவு என்று இரு திசைக்கும் எண்கள். தொலைந்தவை என்ற எண் நீங்கள் பார்க்கப் பார்க்க ஏறுகிறது என்றால் வழியில் கோளாறு. அது அசையாமல் நிற்க, காதில் மட்டும் அறுந்தால் கணினிகளைப் பாருங்கள். யுடிபி (தொலைந்ததை மீண்டும் கேட்காத முறை) வரிசையில் எண்ணே ஏறாமல் எல்லாம் டிசிபியில் (தொலைந்ததை மீண்டும் கேட்டு வாங்கும் முறையில்) போகிறது என்றால் 64738 துறை (போர்ட்) யுடிபிக்குத் திறக்கப்படவில்லை என்று பொருள். மம்பிள் புகார் சொல்லாது, அமைதியாக டிசிபிக்கு மாறிக்கொள்ளும். டிசிபியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் அது மீண்டும் வரும்வரை பின்னால் வந்ததெல்லாம் காத்திருக்கும். 20 மில்லிசெகண்ட் ஓட்டை அரை விநாடி மௌனமாகி, அதன் பின் ஒலி மளமளவென்று கொட்டும். இந்தக் கொட்டல் கேட்டால் டிசிபிதான் என்று துணிந்து சொல்லலாம்.

ஐகாம் ரிக்குகளுக்கு யுடிபி 50001, 50002, 50003 மூன்றும் திறந்திருக்க வேண்டும். ஒலி வருவது மூன்றாவதில். கட்டுப்பாடு வேலை செய்கிறது, ஒலி மட்டும் இல்லை என்பவர்கள் அதைத்தான் தவறவிட்டிருப்பார்கள். ஆனால் எம்சிஎம்சி (மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம்) உரிமத்தோடு இயங்கும் ஒரு டிரான்ஸ்மிட்டரின் துறைகளை உலகம் முழுவதற்கும் திறந்து வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வயர்கார்ட் என்ற மறைகுறியிட்ட சுரங்கம் (விபிஎன்) ஒன்றைப் போட்டு எல்லாவற்றையும் அதற்குள் அனுப்புங்கள். ஓபன்விபிஎன் என்றால் யுடிபி முறையில் மட்டும்.

ரவுட்டரின் வெளிப்பக்க (WAN) முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் உங்களுக்குப் பொது முகவரி இல்லை, பலரோடு பகிர்ந்துகொள்கிறீர்கள். அப்போது இரு முனைகளையும் இணைத்துவைக்கும் டெயில்ஸ்கேல் சேவை உதவும். ஆனால் அதன் நிலைப் பட்டியலில் 'நேரடி' என்று இருக்கிறதா 'ரிலே' என்று இருக்கிறதா பாருங்கள். ரிலே என்றால் ஒலி வேறொரு சேவையகம் வழியாக டிசிபியில் சுற்றிக்கொண்டு வருகிறது, மேலே சொன்ன அதே வியாதி. ஒரு முனையிலாவது பொது முகவரி வாங்கினால் பெரும்பாலும் நேரடியாகிவிடும்.

அரை நிமிடம் பேசாமல் இருந்தபின் ஒரு திசை மட்டும் செத்துப்போகிறதா? லினக்ஸ் அடிப்படையிலான ரவுட்டர்கள் பதில் வராத யுடிபி இணைப்பை 30 விநாடியில் மறந்துவிடும். வயர்கார்டில் நிலைத்த கீப்-அலைவை (இணைப்பை உயிரோடு வைக்கும் சிறு செய்தியை) 25 விநாடிக்கு வையுங்கள்.

உங்கள் மேசையில்

கொண்டோவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இந்த வேலையே வேண்டாம். சுற்றிலும் பத்திருபது ரவுட்டர்கள், இருப்பதோ ஒன்றோடொன்று மோதாத மூன்று சேனல்கள். கேபிள் இழுங்கள். முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரை. 52-க்கு மேல் 144 வரை உள்ளவை ராடார் அலையைக் கண்டால் விலகிப்போகும் சேனல்கள். சில மடிக்கணினிகள் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை வேறு வலைகள் உண்டா என்று தேடும். அந்நேரம் ஒலி நிற்கும். புளூடூத் ஹெட்செட்டும் வேண்டாம், கம்பி ஹெட்செட் போதும். கைப்பேசியில் இயக்குபவர்கள் அந்தச் செயலிக்கு மின்கலச் சிக்கனத்தை நீக்காவிட்டால் திரை அணைந்ததும் ஒலியும் அணையும்.

ரிக் பக்கத்தில் ராஸ்பெர்ரி பை சிறுகணினி இருந்தால் அதன் த்ராட்டில் நிலையைக் கேளுங்கள். பூஜ்ஜியம் தவிர வேறு எது வந்தாலும் மின்னழுத்தம் குறைந்தது, அல்லது சூடேறி வேகம் குறைந்தது. கைப்பேசி சார்ஜர் வைத்து ஓட்டாதீர்கள். பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். ஓட்டுக்கூரைக்குக் கீழே, மூடிய அலமாரியில், நம் ஊர் மதிய வெயிலில் அது 80 பாகையைத் தொடுவது கடினமான காரியமல்ல.

பிடிடி அழுத்தினால் மட்டும்

அனுப்பும்போது மட்டும் இணைப்பு அறுகிறது, யுஎஸ்பி கழன்று மாட்டிய ஓசை வருகிறது என்றால் ஆர்எஃப் (நாம் அனுப்பும் வானொலி அலை) கம்பிகளுக்குள் புகுந்திருக்கிறது. உறுதி செய்ய, ஆன்டெனாவைக் கழற்றி டம்மி லோடு (அலையை வெளியே விடாமல் வெப்பமாக்கும் சுமை) மாட்டி அதே 100 வாட் அனுப்புங்கள். கோளாறு நின்றால் ஆர்எஃப்தான். நிற்காவிட்டால் மின்வழங்கியைப் பாருங்கள்: ரிக் 20 ஆம்பியர் இழுக்கும்போது அதே 13.8 வோல்ட் கம்பியில் ரவுட்டரையும் பையையும் மாட்டியிருந்தால் அவை மயங்கி விழும்.

ஆர்எஃப் என்றால் மருந்து ஃபெரைட், கம்பியில் ஓடும் அலையைத் தடுக்கும் காந்தப்பொருள். ஆனால் கிளிப் போல் மாட்டும் சிறு உருண்டைகள் எச்எஃபில் ஒருமுறை மட்டும் நுழையும் கம்பிக்கு அநேகமாக எதுவும் செய்யாது. தடை சுற்றுகளின் வர்க்கத்தோடு ஏறுகிறது. ஒரு சுற்றுக்கும் பத்துச் சுற்றுக்கும் நூறு மடங்கு அளவு வித்தியாசம். எஃப்டி240-31 வளையம் வாங்குங்கள். உள்துளை 35 மில்லிமீட்டர், யுஎஸ்பி பிளக் அப்படியே நுழையும். மெல்லிய யுஎஸ்பி கேபிளை 10, 12 சுற்று, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வளையத்தின் முக்கால் பங்குக்குப் பரப்பிச் சுற்றுங்கள். தொடக்கமும் முடிவும் அருகருகே வந்தால் அலை அங்கே தாவிவிடும், அதனால் கால் பங்கு வெறுமையாக இருக்கட்டும். வளையத்தைத் தொல்லைப்படும் கருவிக்குப் பக்கத்தில் வையுங்கள். ஈதர்நெட் கேபிளுக்கும் இதே வைத்தியம். இதையெல்லாம் செய்தும் 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்) அலைவரிசையில் மட்டும் தொல்லை நீடித்தால் ஆன்டெனாவின் ஊட்டுமுனைக்குப் போங்கள். எதிர்க்கம்பி இல்லாத எண்ட்-ஃபெட் (ஒரு முனையில் ஊட்டும் ஆன்டெனா), கோஆக்ஸ் கேபிளின் வெளித்தோலையே ஆன்டெனாவாக்கி அலையை வீட்டுக்குள் கூட்டி வரும். அங்கே ஒரு சோக் (அலைத்தடை) போடாமல் மேசையில் எத்தனை வளையம் மாட்டினாலும் பாதி வேலைதான்.

பவர்லைன் அடாப்டர் எங்கே இருந்தாலும் கழற்றுங்கள். மின்கம்பியில் அது ஓட்டுவது எச்எஃப் அலைகளைத்தான். நம் ரிசீவரை அது கெடுக்கும், நம் டிரான்ஸ்மிட்டர் அதைக் கெடுக்கும். கட்டடத்துக்குள் செம்புக் கம்பி வழி விடிஎஸ்எல்2 இணையம் வரும் பழைய வீடுகளிலும் இதே மோதல்: 17ஏ வகை 17.6 மெகாஹெர்ட்ஸ் வரை பயன்படுத்துகிறது, 40 மீட்டரும் 20 மீட்டரும் அதற்குள்ளேதான்.

பஃபர் எவ்வளவு

இவை எல்லாம் தீர்ந்தபின் பஃபரைத் தொடலாம். பிங்கை ஒரு மணி நேரம், அதுவும் மாலை எட்டு மணிக்கு மேல், ஓட விடுங்கள். மிகக் குறைந்த நேரத்துக்கும், நூற்றில் 99 பாக்கெட்டுகள் வந்து சேர்ந்துவிடும் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, அதற்கு மேல் ஒரு பாக்கெட் நீளம் சேருங்கள். வித்தியாசம் 30 என்றால் 50 மில்லிசெகண்ட். நல்ல ஃபைபர் இரண்டு முனையிலும் இருந்தால் 60-க்குள் அடங்கும். 5ஜி கைப்பேசி இணைப்பில் 150-க்குக் குறையாமல் வையுங்கள். சிடபிள்யூக்காரர்கள் கொஞ்சம் தாராளமாக விடலாம். நிமிடத்துக்கு 25 சொல் வேகத்தில் ஒரு டிட் (மோர்ஸ் புள்ளி) 48 மில்லிசெகண்ட். மூன்று பாக்கெட் சேர்ந்து தொலைந்தால் ஒரு டிட் முழுசாகப் போய், எதிர்முனையின் அழைப்புக்குறியே வேறாகிவிடும். எஃப்டி8 என்ற கணினிவழி முறையை மட்டும் இந்த வழியில் கொண்டுவராதீர்கள். அதற்கான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் நிரலை ரிக் பக்கத்துக் கணினியிலேயே ஓட்டி, திரையை மட்டும் இங்கே பாருங்கள். அதற்கு ஒலி அனுப்பவே தேவையில்லை.

ஒலியைச் சரிசெய்த கையோடு இன்னொரு சோதனையும் நடத்திவிடுங்கள். டம்மி லோடை மாட்டி, குறைந்த வாட்டில் பிடிடியை அழுத்தியபடியே உங்கள் பக்கத்து நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். அங்கே ஒருவரை நிறுத்தி, ரிக் எத்தனை விநாடியில் அனுப்புவதை நிறுத்துகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று விநாடிக்குள் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் நிரலின் வாட்ச்டாக் (இணைப்பு அறுந்தால் அனுப்புவதை நிறுத்தும் காவல்) வேலை செய்யவில்லை. ஐகாம் 7300-இல் சிஐ-வி (கணினிவழிக் கட்டளை) டைம்-அவுட் டைமரை 3 நிமிடத்துக்கு வைப்பது கடைசித் தடுப்பு. அதற்கும் பின்னால், மின்வழங்கியை இணையத்தைச் சாராமல், எஸ்எம்எஸ் வழி அணைக்கும் ஒரு ரிலேயும் இருந்தால் நல்லது. மாலை இடிமழையில் ஃபைபர் பெட்டி விழுந்தாலும் ரிக்கை அணைக்க அது ஒன்றுதான் கைகொடுக்கும்.